எம்பெடோக்ளீஸ் என்னும் யவன ஞானி

சின்ன காஞ்சிபுரத்திற் பட்டு நெய்வார் வாழுந் தெருக்களின் வழியே செல்வோர், சாயந் தோய்த்த நூற்கழிகள் உலர்தலையும், குழித்தறியிற் பாவும் ஊடையுங் கூடி ஆடையாதலையுங் காண்பர். சாத்திரம் பயின்றார்க்கு இது வெறுங் காட்சியன்று. நூலின்கண் ஆடை முன்னரே உளதோ, அன்றி நெய்தபின் புதிதாக உண்டாயிற்றோ என்னும் வினா நம் தருக்க நூல்களில் நெடுங்காலம் வழக்காடப்பட்டதொன்று. சற்காரியவாதத்தை நிறுவுவாரும் அதனை மறுப்பாரும் ஒருங்கே கையாளும் உவமை நூலும் ஆடையுமேயாம். இவ்வினாவையே ஏறக்குறைய 2,450 ஆண்டுகளுக்கு முன்னர், மேலைக்கடலிலுள்ள சிசிலித் தீவில் ஒருவர் ஆராய்ந்தார். அவர் தறியை நோக்கினாரல்லர். ஓவியர் வண்ணங் குழைத்தலை நோக்கினார். எம்பெடோக்ளீஸ் என்னும் பெயருடைய அவர்தம் வரலாற்றையும் கொள்கையையும் ஈண்டு எழுதலுற்றோம்.

யவனர் நூல் நமக்கு எற்றுக்கு என்று வினவுவாருஞ் சிலர் உளர். அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்திற் பிற மதங்களை அவ்வம் மதத்தார் கூறுமாறே முன்வைத்துப் பின்னரே மறுத்தருளினார். இக்காஞ்சியின் தூப்புலில் 1268ஆம் ஆண்டிற் பிறந்த வைணவ ஆசிரியராகிய வேதாந்த தேசிகரும் தம் பரமதபங்கத்தில் அம்முறையையே கைக்கொண்டார். காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டம் பாடிய மாதவச் சிவஞான முனிவர் தருக்கசங்கிரகத்தைத் தமிழிற் செய்தளித்ததும் இவ்வாராய்ச்சி நெறி தமிழ் மாணாக்கர்க்கு எளிதாதற் பொருட்டே என்று யாம் கருதுகின்றோம். பிறன் கூற்றை நேரே உணராதவன் அதனை மறுத்தற்கும் உரியனல்லன், உடன்படுதற்கும் உரியனல்லன்.

யவன தத்துவம் ஏதென்ஸ் நகரத்திற் றொடங்கியதன்று. இன்று துருக்கி தேயத்தின் மேலைக்கரையாயுள்ள நிலத்தில், மைலீட்டஸ் என்னுந் துறைமுகப் பட்டினத்தில் அது தொடங்கிற்று. கி.மு. 585இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை முன்னறிவித்தாரெனப் பெயர்பெற்ற தேலீஸ் என்பார், உலகிற்கு முதற்பொருள் நீர் என்றார். அவர்க்குப் பின்வந்த அனாக்ஸிமாந்தர், எல்லையும் இன்ன தன்மைத்தென்னும் வரையறையும் இல்லாததொரு பொருளை முதலாக வைத்தார். அனாக்ஸிமினீஸ் காற்றை முதலென்று கொண்டு, அது செறியின் நீரும் நிலமுமாம், நெகிழின் தீயாம் என்றார். எபீசஸ் நகரத்து ஹெராக்ளீட்டஸ் தீயை முதலாக்கி, நிலைபெற்ற பொருளெனத் தோன்றுவனவெல்லாம் இடையறாது மாறுவனவே என்றார். தேவர்தம் பிணக்கும் மணமும் பற்றிய பழங்கதைகளால் அமைவுறாது, பலவாய்த் தோன்றும் உலகிற்கு ஒரு முதற்காரணம் வேண்டும் என்று இவர்கள் துணிந்ததே பெரிது. எப்பூதத்தை எவர் முதலென்றார் என்பது அத்துணைப் பெரிதன்று.

தென்னித்தாலியில் ஏலியா என்னும் ஊரினராகிய பார்மெனிடீஸ் இவ்வாராய்ச்சிக்கு ஒரு பெருந்தடை விதித்தார். இல்லதினின்று யாதுந் தோன்றாது. உள்ளது இல்லதாகவும் மாட்டாது. ஆகவே உள்ளது ஒன்றே, அது பிறவாது, மாறாது, அசையாது. கண்ணுஞ் செவியுங் காட்டுந் தோற்றமெல்லாம் நம்பத்தக்கனவல்ல என்பது அவர் வாதம். இதனைக் கேட்டவுடன் ஏகான்மவாதம் என்று நம்மவர் கூறிவிடுவர். முழுதும் அவ்வாறு துணிதற்கில்லை. அவர் கூறிய உள்பொருளுக்கு உருண்டை வடிவின் உவமையும் எல்லையுங் கூறியிருத்தல் காண்க. எனினும் தடை தடையே. அதனைத் தாண்டாமல் மண்ணையும் நீரையும் பற்றி ஒருவரும் மேலே பேசவியலாத நிலை வந்தது. அத்தடைக்கு விடையிறுக்க முன்வந்தோருள் ஒருவரே நம் எம்பெடோக்ளீஸ்.

அவர் சிசிலியின் தென்கரையிலுள்ள அக்ரகாஸ் நகரத்தில் கி.மு. 494ஐ ஒட்டிப் பிறந்தார். இன்று அந்நகரம் அக்ரிஜெந்தோ எனப்படும். கி.மு. 580 அளவிற் குடியேற்றமாகத் தொடங்கி, நூறாண்டுக்குள் பெருஞ் செல்வமுற்றுக் கோயில் மலிந்த நகராயிற்று. கி.மு. 480இல் கார்த்தேசியரை வென்றபின் அங்கு எழுந்த பெருங்கோயில்களின் தூண்கள் இன்றும் மலைமுகட்டில் வரிசையாக நிற்கின்றன. கோயிலும் வாணிகமும் ஒருங்கு செழித்த ஊரிற் பிறந்தவர் அவர் என்பதைக் காஞ்சியில் வாழ்வார் எளிதில் உணர்வர். அவர் தந்தையார் பெயர் மேத்தோன். பாட்டனார் பெயரும் எம்பெடோக்ளீஸே, அப்பாட்டனார் கி.மு. 496இல் ஒலிம்பியா விழாவிற் குதிரைப் பந்தயத்தில் வென்றவர். குதிரை வளர்த்தற்குரிய செல்வக் குடி என்பது இதனாற் பெறப்படும்.

அவர் இளமையில் அந்நகரைத் தேரோன் என்னுந் தனியாட்சியாளன் ஆண்டான். கி.மு. 472ஐ ஒட்டி அவன் இறக்க, அவன் மகன் துரத்தப்பட்டான். பின்னர்க் குடிகள் ஆட்சி ஏற்பட்டது. எம்பெடோக்ளீஸ் செல்வர் பக்கம் நில்லாது குடிகள் பக்கம் நின்றார். அரசுரிமை தம்பால் வந்தபோது வேண்டாவென்று விடுத்தாரென அரிஸ்டாட்டில் கூறியதாகப் பின்னோர் எழுதினர். பேச்சுக் கலையை முதன்முதல் வகுத்தவர் அவரென்பதும் அரிஸ்டாட்டில் கருத்தே. கோர்கியாஸ் என்னும் பெருநாவலர் அவர்பாற் பயின்றார் என்ப.

அவர் அரசியல் தொடர்பாக ஒரு கதை வழங்குகிறது. ஒரு நகரத் தலைவன் விருந்திற்கு அவர் அழைக்கப்பட்டார். ஓர் அதிகாரி வருந்துணையும் மது வழங்கப்படவில்லை. வந்த அதிகாரி விருந்தின் தலைவனாக்கப்பட்டு, மதுவை உண்க, அன்றேல் தலையிற் கொட்டப்படுக என்று ஆணையிட்டான். எம்பெடோக்ளீஸ் அப்போது வாய்திறவாதிருந்து, மறுநாள் இருவர்மீதும் தனியாட்சிக்கு அடிகோலுகின்றார்கள் என்று வழக்குத் தொடுத்து, இருவர்க்குங் கொலைத்தண்டம் பெறுவித்தார். இக்கதை மெய்யாயின் யாம் வருந்துவதற்கு இடமுண்டு. உயிர்க்கொலையை இவரைப்போற் கடிந்துரைத்தவர் யவனருள் மிகச் சிலரே. ஒரு விருந்தின் செருக்குக்காக இருவர் உயிரை வாங்கியவரும் இவரேயாயின், சொல்லுஞ் செயலும் ஒத்தன என்று எங்ஙனங் கூறுவது? அவர் வரலாற்றை விரிய எழுதிய டயோஜெனீஸ் லயர்ஷியஸ் வாழ்ந்தது கி.பி. 3ஆம் நூற்றாண்டென்பதையும், இடையில் அறுநூறாண்டுக்கு மேற் கழிந்தன என்பதையும் படிப்போர் நினைவிற் கொள்க. அவர்தம் பகைவர் புனைந்தனவும் அன்பர் புனைந்தனவும் அந்நூலில் ஒருங்கே உள.

அன்பர் புனைவுக்குக் குறைவில்லை. பயிரைக் கெடுத்த பெருங்காற்றைக் கழுதைத் தோலாற் செய்த பைகளை மலைமுகடுகளிற் கட்டித் தடுத்தாராம். மூச்சும் நாடியும் ஒடுங்கி முப்பது நாட் கிடந்த ஒரு பெண்ணை எழுப்பினாராம். செலினஸ் என்னும் ஊரில் ஆற்றுநீர் அழுகிக் கொள்ளைநோய் பரவியபோது, தம் பொருளைச் செலவிட்டு அயலிலுள்ள இரண்டு ஆறுகளை அதனுட் பாய்ச்சி நோயை நீக்கினார் என்பதும் அவ்வகையிற் கூறப்படுவதே. ஆயினும் இது நிகழக்கூடாததன்று. மந்திரத்தாலன்றி மண்வெட்டியாற் செய்த அற்புதமாகலின் யாம் இதனை விரும்புகின்றோம்.

அவர் இயற்றியன செய்யுளே. இயற்கையைப் பற்றியது ஒன்று. தூய்மை நெறிகளைப் பற்றியது ஒன்று. முன்னது பௌசானியாஸ் என்னும் ஒரு மாணாக்கனுக்கு மறையாக உபதேசிக்கும் முறையில் அமைந்தது. பின்னது அக்ரகாஸ் நகரத்தார் அனைவரையும் விளித்துக் கூறுவது. இரண்டும் ஒரே நூலோ என்று ஐயுறுவாரும் இக்காலத்து உளர். பிற்காலத்தார் மேற்கோளாக எடுத்தாண்டமையால் எஞ்சியன ஏறக்குறைய 450 அடிகளே.

பார்மெனிடீஸ் விதித்த தடைக்கு அவர் இறுத்த விடை இது. இல்லதினின்று யாதுந் தோன்றாது என்பது உண்மை. உள்ளது முற்றும் அழியாது என்பதும் உண்மை. ஆனால் உள்ளது ஒன்றேயாதல் வேண்டுமென்னும் நியதியில்லை. நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கும் என்றும் உள்ளன; ஒன்று மற்றொன்றாய் மாறாதன. அவற்றை அவர் வேர்கள் என்று அழைத்து, தேவர் பெயர்களையும் அவற்றிற்கு இட்டார். இந்நான்குங் கூடுதலே பிறப்பென்றும், பிரிதலே இறப்பென்றும் உலகோர் வழங்குகின்றனர். ஓவியன் சில வண்ணங்களையே அளவு வேறுபடக் கலந்து மரத்தையும் மாந்தரையும் விலங்கையும் பறவையையும் தீட்டுதல்போல, நான்கு வேர்களே அளவு வேறுபடக் கலந்து பல்லாயிரம் பொருளாயின. நம்மூர்ச் சாயந் தோய்ப்பாரைக் கேட்பினும் இதனையே கூறுவர்: நிறங்கள் பலவாயினும் அவர் பாண்டங்களிற் கரைப்பன சிலவே.

இந்நால்வகைக் கணக்கில் ஆகாயம் இல்லாமையை நம் படிப்போர் உடனே காண்பர். காஞ்சி ஏகம்பத்தில் நிலமாகவும் தில்லையில் ஆகாயமாகவும் இறைவனை வழிபடும் மரபினர்க்கு இது பெருங்குறையாகவே தோன்றும். நம் நாட்டிலும் ஆகாயம் காட்சிக்குப் புலனாகாதென்று விடுத்துப் பூதம் நான்கே என்றவர் உலகாயதர். அதுகொண்டு இவரையும் உலகாயதரென்று ஒதுக்கலாமோ எனின், ஒதுக்கலாகாது. உலகாயதர் மறுபிறப்பையும் வினைப்பயனையும் மறுத்தனர். இவர் அவ்விரண்டையும் உயிர்போற் பற்றியவர். காற்று வெற்றிடமன்று, ஒரு பொருளே என்பதை இவர் காட்டிய முறையும் அறிதற்பாலது. அடியிற் பல துளையும் மேலே குறுகிய வாயும் உடைய நீர்முகக்கும் ஏனத்தின் வாயைக் கையால் அடைத்துக்கொண்டு நீருள் அமிழ்த்தின், உள்ளே காற்று நிற்குந்துணையும் நீர் புகாது. கையை எடுத்தபின்னரே புகும். மூச்சின் இயக்கத்தை விளக்குதற்கு இதனை உவமையாக்கினார். திங்கள் பிறிதின் ஒளியால் ஒளிர்வதென்றும், ஒளி ஓரிடத்தினின்று மற்றோரிடஞ் செல்லுதற்குக் காலம் வேண்டுமென்றும் அவர் கொண்டது பிற்காலத்தார் வியத்தற்குரியது.

வேர்கள் தாமே கூடா, தாமே பிரியா. ஆகலின் அவற்றைக் கூட்டுவதொன்றும் பிரிப்பதொன்றும் வேண்டுமென்று அவர் கண்டார். கூட்டுவதை அன்பு என்றும் பிரிப்பதைப் பகை என்றும் பெயரிட்டார். அன்பு மேலோங்கி நிறையுங்கால் நான்கும் வேற்றுமையறக் கலந்து, கையுங் காலுமற்ற ஒரு கோளமாய், தன்னுள் தானே மகிழ்ந்து நிற்கும். குறித்த காலம் வந்தவுடன் பகை உள்ளே புகும், கோளஞ் சிதறும், நான்கும் வேறு வேறாம். மீளவும் அன்பு வளரும். இவ்விரண்டின் இடையிலே தான் நாம் காணும் உலகு உளது. தலையற்ற உடலும் உடலற்ற தலையும் முதலிற் றோன்றித் திரிந்து, பொருந்தக் கூடியவை மட்டும் நிலைத்தன என்றும் அவர் கூறினார். தோற்றமும் ஒடுக்கமும் மாறி மாறி வருதலை இத்துணைத் தெளிவாகக் கூறிய மேலைநாட்டுப் பழைய நூல் வேறு இல்லையெனலாம்.

இனி ஆராய்வோம். சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் படித்த மாணாக்கன் இங்கே வினவுவது யாது? ஆடைக்கு நூல் முதற்காரணம்; தறியும் நாடாவும் துணைக்காரணம்; நெய்வான் நிமித்தகாரணம். எம்பெடோக்ளீஸ் நூலைக் காட்டினார், தறியையுங் காட்டினார், நெய்வான் யாண்டுளன்? அன்பும் பகையும் அறிவுடையனவோ, அறிவில்லனவோ? அறிவில்லனவாயின், காலமறிந்து புகுதலும் விலகுதலும் அவற்றிற்குக் கூடா. அறிவுடையனவாயின், ஒத்த ஆற்றலுடைய இருவர் ஒருலகை ஆளுதல் எங்ஙனம்? முறைமாறுதற்கு ஒரு பேராணை உளதென்று மட்டும் அவர் கூறி அமைந்தார். அவ்வாணை எவருடையதென்று கூறிற்றிலர். இக்குறையை நாமே கண்டோமென்று பெருமிதங் கொள்ளற்க. ஒரு நூற்றாண்டு கழியுமுன்னரே அரிஸ்டாட்டில், அம்மாற்றத்திற்குக் காரணங் கூறப்படவில்லையென்றும், பல இடங்களில் அன்பு பிரிக்கின்றது, பகை கூட்டுகின்றதென்றும் தடை எழுப்பினார். பூதங்கள் பகையால் வேறாகுங்கால் தீ தீயோடும் நீர் நீரோடும் கூடுகின்றனவன்றோ?

நடுவுநிலை பற்றி ஒன்று கூறல் வேண்டும். மாந்தர் தலையுங் கையுங் காலும் இல்லாததாய், உலகமுழுதும் விரைந்து பரவுந் தூயதோர் அறிவை அவர் ஓரிடத்திற் புகழ்ந்துள்ளார். சைவர் எவரும் அவ்விடத்தைப் படித்து மகிழாதிரார். ஆனால் அவ்வறிவே அன்பையும் பகையையும் செலுத்துகின்றதென்று எஞ்சிய அடிகளுள் ஒன்றுங் கூறவில்லை. அஃதன்றியும், உலகு எதற்காகத் தோன்றவும் ஒடுங்கவும் வேண்டும் என்னும் வினாவிற்கும் விடையில்லை. உயிர்களின் மலம் பரிபாகமாதற் பொருட்டே ஐந்தொழிலும் என்பது நம் ஆசிரியர் துணிபு. இங்கோ சக்கரஞ் சுழல்கின்றது, அவ்வளவே.

காட்சி பற்றிய அவர் கொள்கையும் நமக்கு அணித்தானது. நிலத்தை நிலத்தாலும், நீரை நீராலும், தீயைத் தீயாலும் அறிகின்றோம் என்றார். மூக்கு நிலத்தின் கூறு, நா நீரின் கூறு, கண் தீயின் கூறு என்று தத்துவம் எண்ணிப் பழகியோர்க்கு இது புதிதன்று. ஆயின் நினைவென்பது இருதயத்தைச் சூழ்ந்த குருதியே என்று அவர் கூறுங்கால் நாம் உடன்செல்லல் இயலாது. பூதங்கள் எத்துணை நுண்ணிதாகக் கலப்பினும் சடமே. அறிவன் வேறாதல் வேண்டும்.

இயற்கை நூலில் அறிவைக் குருதியாக்கிய அவரே, தூய்மை நூலில் உயிரின் பெரும்பயணத்தைப் பாடுகின்றார். வானோர் கூட்டத்துள் ஒருவன் குருதி சிந்தியேனும் பொய்யாணை கூறியேனும் குற்றப்படின், முப்பதினாயிரம் பருவம் அக்கூட்டத்தினின்று நீங்கிப் பலவகை உடலெடுத்து அலைவான். காற்று அவனைக் கடலில் எறியும். கடல் நிலத்தில் உமிழும். நிலம் ஞாயிற்றின் வெயிலில் எறியும். எதுவும் அவனை ஏற்காது. தாமும் அங்ஙனம் வீழ்ந்தவரே என்றும், முன்னர் ஆணாய்ப் பெண்ணாய்ச் செடியாய்ப் புள்ளாய் மீனாய்ப் பிறந்தவரென்றும் கூறுகின்றார். இதனைப் படிக்குங்கால் சிவபுராணம் ஓதுவார் உள்ளம் யாது நினையும் என்று யாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே புலால் உண்ணலை அவர் கடிந்தார். பலியென்று பிடித்த விலங்கு உருமாறிய தன் மகனாயிருத்தல் கூடும். தந்தை அறியாது அவனைக் கொன்று, வழிபாடும் நிகழ்த்தி, இல்லத்தில் உணவாகச் சமைக்கின்றான் என்று அவர் காட்டுங் காட்சி நெஞ்சை நடுங்கச் செய்வது. தேவர்க்கு எருது பலியிடுதலே அறமெனக் கொண்ட மக்களிடையே இதனைக் கூறுதற்கு மிக்க துணிவு வேண்டும். ஒலிம்பியாவிற் கொல்லேறு இடாமல், மாவுந் தேனுங் கொண்டு எருதுருச் செய்து படைத்தாரென்றும் ஒரு செய்தியுண்டு. வேள்வியில் மாவாற் பசுச் செய்யும் வழக்கத்தை நம் நாட்டார் அறிவர்.

இவை நம் நாட்டிலிருந்து சென்றனவே என்று எழுதினால் நம்மவர் பலர் மகிழ்வர். யாம் அங்ஙனம் எழுதோம். அலெக்சாந்தர் சிந்துக்கரை வந்தது கி.மு. 326இல், எம்பெடோக்ளீஸ் மறைந்து அப்போது நூறாண்டு கழிந்திருந்தது. அவர்க்கு முன்னரே தென்னித்தாலியின் குரோட்டன் நகரத்திற் பித்தகோரஸ் மறுபிறப்பைக் கற்பித்திருந்தார். அவர்பாலிருந்து பெற்றதாகக் கொள்ளுதலே எளிது. பித்தகோரஸ் எங்கிருந்து பெற்றார் என்பதற்குக் கதைகள் உண்டே தவிரச் சான்று இல்லை. உண்மை ஒன்றாயின் அதனை இரு நாட்டார் தனித்தனி காணுதலுங் கூடும்.

வேற்றுமை ஒன்று பெரிதாகக் கிடக்கின்றது. அவர் கூறும் உயிர் முதலிற் றூயதாய் வானோரொடு இருந்தது. பின்னர்க் குற்றம் வந்தது. தூயதாயிருந்த உயிர் குற்றப்பட்டது எதனால்? பகையை நம்பியமையால் என்கிறார். தூய உயிர் பகையை ஏன் நம்பிற்று? இவ்வினாவிற்கு ஆணவம் அநாதி என்று கொண்டாலன்றி விடையில்லை. தூயதொன்று காரணமின்றி வீழுமாயின், மீண்டும் ஏறியபின் வீழாதென்பதற்கு உறுதி யாது?

ஏறுதலைப் பற்றி அவர்க்கு ஐயமில்லை. பலபிறவி கழிந்தபின் உயிர்கள் நிமித்திகராயும், பாவலராயும், மருத்துவராயும், மக்கட்டலைவராயும் பிறந்து, பின்னர்த் தேவராம் என்றார். அந்நான்கும் அவர் ஒருவரிடத்தே கூடியிருந்தன. அதனால் தாம் இனி மனிதரல்லர், இறவாத் தேவரே என்று தம் ஊரார்க்கு வெளிப்படப் பாடினார். ஊதா ஆடையும், பொற்கச்சும், வெண்கல மிதியடியும், தலையில் மாலையும் அணிந்து நகர்தோறுஞ் செல்ல, ஆயிரவர் பின்தொடர்ந்து நோய்க்கு மருந்தும் வருங்காரியத்திற்குக் குறியும் கேட்டனர். உலகை நடத்தும் முதல்வன் இடம் வெறிதாய்க் கிடந்த தத்துவத்தில் அவ்விடத்தை அறிஞன் தானே சென்று நிரப்பினான் என்றே யாம் கொள்கின்றோம். சிவமாந்தன்மை எய்திய முத்தனும் சிவனுக்கு அடிமையே என்னும் நெறியில் வந்தோர்க்கு இவ்விடத்தே அவர்பால் இரக்கமே தோன்றும்.

அவர் இறுதி பற்றி வழங்கும் கதை யாவரும் அறிந்தது. தேவராயினார் என்று உலகோர் நம்பும்படி எட்னா என்னும் எரிமலை வாயிற் குதித்தாரென்றும், மலை அவர் வெண்கல மிதியடியொன்றைக் கக்கிப் பொய்யை வெளிப்படுத்திற்றென்றுங் கூறுவர். இது பகைவர் புனைவே. பிற்காலத்து வரலாற்றாசிரியர் திமேயஸ் இக்கதையை மறுத்து, அவர் பெலொப்பொனீஸ் நாட்டிற்குச் சென்று மீளாதொழிந்தார் என்று எழுதினார். அறுபதாம் ஆண்டில் இறந்தாரென்பது அரிஸ்டாட்டில் கூற்று, கி.மு. 434 அளவாம். தம் ஊரிலிருந்து விலக்கப்பட்டு, மீள விழைந்தும் பகைவர் தடுத்தமையால் அயலூரில் மாய்ந்தார் என்னும் வழக்கும் உண்டு. அவ்வூரும் நெடிது நில்லாது, கி.மு. 406இல் கார்த்தேசியரால் அழிக்கப்பட்டது.

அவர் நூலின் பழைய ஏடு ஒன்று அண்மைக் காலத்தில் வெளிப்பட்டது. எகிப்து தேயத்தில் 1904ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கப்பட்ட, சவத்திற்குச் சூட்டிய செப்பிலை மாலை ஒன்றின் அடியில் ஒட்டியிருந்த நாணற்றாள் துண்டுகள், ஸ்ட்ராஸ்பர்க் நகர நூலகத்தில் நெடுங்காலம் படிக்கப்படாது கிடந்தன. அலான் மார்டின், ஆலிவர் பிரிமவேசி என்னும் இருவர் அவற்றைப் பொருத்தி ஆராய்ந்து, எம்பெடோக்ளீஸின் அடிகளென்று கண்டு, 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கி.பி. முதல் நூற்றாண்டின் கையெழுத்து அது. மேற்கோளாகவே அறியப்பட்ட நூலின் நேர்ப்படி கிடைத்தது இதுவே முதன்முறை.

அதனுள் ஒரு பாடபேதம் உளது. அன்பினாற் பூதங்கள் ஒன்றாகக் கூடுகின்றன என்று பொருள்பட முன்னர்ப் படித்துவந்த இடத்தில், ஓரெழுத்து வேறுபட்டு, நாம் ஒன்றாகக் கூடுகின்றோம் என்று பொருள்பட நிற்கின்றது. ஓரிடத்தில் பின்னொரு கை அவ்வெழுத்தைத் திருத்தியுமுள்ளது. பழைய பாடமே கொள்ளின், கோளத்திற் கலப்பன சடமாகிய வேர்களே. உயிரின் செய்தி அங்கு இல்லை. புதிய பாடங் கொள்ளின், அலைந்த உயிர்களும் அக்கோளத்திற் கலந்து வேற்றுமையற்று ஒழிதலே அவர் கருதிய வீடாம். அப்போது அவரை நாம் ஐக்கியவாதியருடன் வைத்தே ஆராய்தல் வேண்டும். மூலத்தில் இருந்தது எவ்வெழுத்து என்பதில் யவனமொழி வல்லார் இன்னும் ஒருதலையாகத் துணிந்திலர்.